திறந்த தண்ணீர்

திரையில் கதாநாயகன் ஆற்று மதகான சட்ரஸ் பாலத்தின் மேல் ஓடத் தொடங்கியதும் பிரதீபா தன் அண்ணி தையல்நாயகியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

தையல்நாயகி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

வேதாரண்யம் தியேட்டரில் பகல் காட்சி. துப்பறியும் படத்தின் இரண்டாம் பாகம். முதல் பாகத்தில் சென்னையில் கார்களை நொறுக்கிய அதே துப்பறிவாளன், இதில் நன்னிலம் பக்கம் வந்து ஒரு கொலைகாரனிடமிருந்து தப்பி ஓடிக்கொண்டிருந்தான்.

ஓடி வந்தது நடிகர். குதிக்கப் போவது அவரில்லை. தையல்நாயகியின் புருஷன் ஜெயபால்.

கோடியக்கரையில் படகுக்குப் போகிறவன். உயரமும் தோள் அகலமும் அந்த நடிகரைப் போலவே. ஆற்றுக்குள் குதிக்க ஆள் வேண்டும் என்று சினிமாக்காரர்கள் வந்து கேட்டபோது, கடலில் விழுந்து எழுகிறவனுக்கு ஆறு எம்மாத்திரம் என்று சிரித்துக்கொண்டே வண்டியில் ஏறினான்.

நடிகரின் முகம் போய் முதுகு வந்தது. பழுப்புக் கோட்டுக்குள்ளும் அவளுக்கு அடையாளம் தெரிந்தது. வலை இழுத்து இழுத்து ஒரு பக்கம் இறங்கிப்போன தோள்.

அவன் கைப்பிடிச் சுவரில் ஏறினான். ஒரு கணம் கீழே பார்த்து நின்றான்.

குதித்தான்.

தியேட்டர் விசிலில் அதிர்ந்தது. பின்வரிசையில் யாரோ காகிதத்தைக் கிழித்து வீசினார்கள். இரண்டு துண்டுகள் அவள் மடியில் விழுந்தன.

தையல்நாயகி அவன் விழுந்த தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சட்ரஸின் கதவுகள் எல்லாம் தூக்கப்பட்டிருந்தன. ஆறு செம்மண் நிறத்தில் நுரை தள்ளிக்கொண்டு பாய்ந்தது. அவனை வாங்கிக்கொண்ட வேகத்தில் மூடிக்கொண்டது.

அடுத்த நொடி தண்ணீருக்கு மேலே வந்தது நடிகரின் முகம். ஜெயபாலை மறுநாள்தான் நாணல் புதரிலிருந்து எடுத்தார்கள். அது போன வருஷம் ஆனி மாதம்.

சாவதற்கு முந்தின நாள் சாயங்காலம் போன் பண்ணியிருந்தான். ஸ்பீக்கரில் போட்டு அவளும் பிரதீபாவும் சேர்ந்துதான் கேட்டார்கள்.

“குதிச்சாச்சு. கதவெல்லாம் சாத்திக் கெடக்கு, கீழ மடுவுல தண்ணி குளம் மாதிரி அசையாம நிக்குது. நாளைக்குத்தான் ஆத்துல தண்ணி தொறக்குறாங்களாம்.”

அதன் பிறகு பேசியது சினிமா கம்பெனி மேனேஜர். குதிக்கிற காட்சி முதல் நாளோடு முடிந்துவிட்டதாம். ஜெயபால் மட்டும் ஊருக்குப் போகாமல் தங்கி, குடித்துவிட்டு, புதுத் தண்ணீரைப் பார்த்ததும் குளிக்க இறங்கிவிட்டானாம். கழற்றிப் போட்ட கைலிக்குப் பக்கத்திலேயே பாட்டில் கிடந்ததாம். போலீசும் அப்படியே எழுதிக்கொண்டது.

தையல்நாயகி நம்பினாள்.

மகள் தலையில் கைவைத்துக் குடியை விட்டவன்தான். ஆனால் அதற்கு முன்னாலும் சத்தியம் செய்து மீறியவன். அவன் உடம்பு வீட்டுக்கு வந்தபோது, “பிள்ளை தலையில அடிச்ச சத்தியத்தையும் குடிச்சுத் தொலைச்சுட்டியே” என்று கேட்டதோடு சரி. அழவில்லை. வருஷ திதிக்கு இலை போடவில்லை. இலை போட்டுப் படைத்தது பிரதீபாதான், தன் வீட்டில். அதிலிருந்து நாத்தனாரோடு பேச்சுவார்த்தையும் இல்லை.

இன்று காலை அந்த பிரதீபாவே வாசலில் வந்து நின்று, படத்துக்குப் போகலாம் வாங்க என்று கூப்பிட்டாள். கடைசியாக ஒரு தடவை முதுகையாவது பார்த்துவிடலாம் என்றுதான் தையல்நாயகி கிளம்பினாள்.

திரையில் நடிகர் கரையேறி, சொட்டச் சொட்டக் கோட்டைப் பிழிந்துகொண்டிருந்தார். அதற்கும் ஒரு விசில்.

அசையாத தண்ணீரில் குதித்தது படம் எடுத்தவர்களுக்குப் பிடிக்கவில்லை. கதவைத் தூக்கியபின் மறுபடி குதிக்கச் சொல்லியிருக்கிறார்கள். அவன் வராமல் போனபிறகு கரையில் கைலியையும் பாட்டிலையும் வைத்திருக்கிறார்கள்.

தையல்நாயகி முன் இருக்கையின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

“உங்கண்ணன் குடிக்கலடி.”

பிரதீபா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“தெரியும் அண்ணி. நேத்தே வந்து பாத்துட்டேன். நான் சொன்னா நம்ப மாட்டீங்கன்னுதான் கூட்டிட்டு வந்தேன்.”