ஓட்டைவாய்

"அதிகாரி என்ன கேட்டாலும் நான்தான் பதில் சொல்லுவேன். நீ வாயே திறக்கக் கூடாது. புரிஞ்சுதா?"

"சரிங்க."

பண்ணைக்காரர் தன் மனைவியிடம் இதை மூன்றாவது முறையாகச் சொல்லி முடிப்பதற்குள் வாசலில் ஜீப் வந்து நின்றுவிட்டது.

பேர் போடாத ஒரு கடிதம் செய்த வேலை. 'வெளியில் மேய்ந்த கோழிகளின் இயற்கை முட்டை என்று பெட்டியில் அச்சடித்திருக்கிறார்கள். அந்தக் கோழிகள் வெயிலைப் பார்த்து இரண்டு மாதம் ஆகிறது' என்று இயற்கைப் பண்ணைச் சான்றிதழ் தரும் அலுவலகத்துக்கு யாரோ எழுதிப் போட்டுவிட்டார்கள். அது நிஜமென்றால் சான்றிதழ் போகும். சான்றிதழ் போனால் பண்ணையை இழுத்து மூட வேண்டியதுதான்.

அதிகாரி ஷூவுக்கு மேல் பிளாஸ்டிக் உறை மாட்டிக்கொண்டு கொட்டகைக்குள் நுழைந்தார்.

முதலில் எல்லாம் நன்றாகத்தான் போனது. தீவனத்தில் ரசாயனம் இல்லை. ஒரு கோழிக்கும் அலகு நுனியை வெட்டவில்லை. ஏறி உட்காரக் கட்டைகள், முட்டையிட வைக்கோல் போட்ட பெட்டிகள், காலுக்கடியில் காய்ந்த மரத்தூள். அதிகாரி ஒவ்வொன்றுக்கும் டிக் அடிக்க அடிக்க, பண்ணைக்காரரின் நெஞ்சு நிமிர்ந்துகொண்டே வந்தது.

"வெளிக்கதவை எப்ப திறப்பீங்க?"

"காலையில ஏழு மணிக்கெல்லாம் நானே திறந்து விட்டுடுவேன் சார். சாயங்காலம் அதுங்களாவே உள்ள வந்துடும்."

"ஏழு மணிக்கா?" என்றாள் மனைவி. "ஏழு மணிக்கு நீங்க போர்வையையே விலக்க மாட்டீங்களேங்க?"

பண்ணைக்காரர் பல்லைக் கடித்தார். "விளையாட்டுக்குச் சொல்றா சார்."

சுவரின் அடியில், கோழி நுழையும் உயரத்துக்கு வரிசையாக ஆறு சின்னக் கதவுகள். அதிகாரி முதல் கதவருகே குனிந்தார்.

"அங்க ஒரே இருட்டு சார். இப்படி மூணாவது கதவுகிட்ட வாங்க, நல்லாத் தெரியும்" என்று மனைவி வழி காட்டினாள்.

நன்றாகத்தான் தெரிந்தது. கதவுக்கும் சட்டத்துக்கும் சேர்த்து வலை பின்னி, ஒரு சிலந்தி பிள்ளைகுட்டிகளோடு குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தது.

"ராத்திரி கட்டியிருக்கும் சார்" என்றார் பண்ணைக்காரர்.

"அடேயப்பா, ஒரே ராத்திரியில இவ்வளவு குஞ்சும் பொரிச்சிடுச்சா?" என்று வாய்பிளந்தாள் மனைவி.

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். பண்ணைக்காரர் பெண்டாட்டி வாயால் கெட்டுக்கொண்டிருந்தார்.

அதிகாரி கதவைத் தூக்கினார். வெயில் உள்ளே விழுந்தது. பக்கத்தில் நின்ற கோழிகள் விளிம்புவரை வந்து கழுத்தை நீட்டிப் பார்த்தன. ஒன்று மட்டும் காலை வெளியே வைத்தது, சுட்டதுபோல் உடனே இழுத்துக்கொண்டது. வேறு எதுவும் நகரவில்லை.

"தினம் வெளிய போற கோழின்னா, கதவு திறந்ததும் முண்டியடிச்சுக்கிட்டு ஓடும். இதுங்களுக்கு வெளியன்னாலே பயமாயிடுச்சு" என்றார் அதிகாரி.

பண்ணைக்காரரின் குரல் இறங்கிவிட்டது. "பருந்து சார். ஒரே வாரத்துல பதினோரு கோழி. என் கண்ணு முன்னாடியே தூக்கிட்டுப் போச்சு. மனசு கேக்கல, மூடிட்டேன்."

அது பொய்யில்லை. சொல்லும்போது அவருக்குக் கண் கலங்கியது.

"மொட்டைத் தரையா விட்டா பருந்து தூக்காம என்ன செய்யும்? புதர் மாதிரி வளர்ற செடியா வைங்க. பருந்து நிழல் தெரிஞ்சா ஓடி ஒளிஞ்சுக்க இடம் வேணும்ல? செடி வளர்ற வரைக்கும் அங்கங்க பந்தல் போடுங்க. இதையெல்லாம் யாரும் உங்களுக்குச் சொல்லலையா?"

பண்ணைக்காரர் மனைவியைப் பார்த்தார். இரண்டு மாதமாக அவள் சொல்லிக்கொண்டுதான் இருந்தாள். 'எவன் வந்து பாக்கப்போறான், போடி' என்று அவர்தான் அவள் வாயை அடைத்திருந்தார். இவ்வளவு நேரம் நிற்காமல் ஓடிய அந்த வாய், இந்த ஓர் இடத்தில் கப்சிப்.

"பதினஞ்சு நாள் தர்றேன். செடி இருக்கணும், கோழி வெளிய இருக்கணும். இல்லேன்னா சான்றிதழை மறந்துடுங்க."

ஜீப் தெருமுனை திரும்பும்வரை பொறுத்திருந்த பண்ணைக்காரர் வெடித்தார்.

"அதெல்லாம் ஒரு வாயா? ஓட்டைவாய்! வாயத் திறக்காதன்னு எத்தனை தடவை படிச்சுப் படிச்சுச் சொன்னேன்? ஊர்ல எதிரி வேற தனியா வேணுமா எனக்கு? அந்தக் கடுதாசி எழுதினவன் மட்டும் கையில கிடைச்சான்..."

அவள் ஒவ்வொரு கதவாகத் தூக்கி ஒட்டடையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். ஆறாவது கதவைத் திறந்தபோது அவர் கத்தி ஓய்ந்து, தீவன மூட்டைமேல் தொப்பென்று உட்கார்ந்திருந்தார்.

"பதினஞ்சு நாள்ல அவ்வளவு செடிக்கு நான் எங்க போவேன்?"

"தண்ணித் தொட்டிக்குப் பின்னாடி அறுபது மல்பெரிக் கன்னு இருக்குங்க. பந்தலுக்கு மூங்கிலும் அங்கயேதான் கிடக்கு."

பண்ணைக்காரர் நிமிர்ந்தார். "அறுபதா? அந்த ஆளு இப்பத்தானே சொல்லிட்டுப் போறாரு? நீ எப்ப வாங்கின?"

அவள் மூலையில் கிடந்த கடப்பாரையை எடுத்து வந்து அவர் கையில் கொடுத்தாள்.

"கடுதாசியத் தபால்ல போட்டேனே, அன்னிக்கேதாங்க."