மத்தியானம் வருகிறவள்

“இன்னிக்கும் உங்க அத்தை வந்தாம்மா,” என்றார் மாமனார், கட்டிலில் படுத்தபடியே.

மருமகள் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். அத்தை போய்ச் சேர்ந்து நாலு வருஷமாகிறது. பூட்டின வீட்டை இவளே இப்போதுதான் திறந்துகொண்டு தையற்கடையிலிருந்து வருகிறாள்.

“ஏதாவது பேசினாங்களா மாமா?”

“அவ எங்க பேசுறா? பக்கத்துல உக்காந்து என் கையைப் பிடிச்சுக்குவா. கை மெத்துன்னு இருக்கு.”

பார்வை போன மனிதர் ஏதோ உளறுகிறார் என்று விட்டுவிடலாம். ஆனால் அவர் விரல்களில் எண்ணெய் மினுமினுத்தது. விரிப்பில் சர்க்கரை சிதறிக் கிடந்தது. சமையலறையில் முழுசாக வைத்திருந்த எலுமிச்சம்பழத்தில் பாதியைக் காணோம்.

கை வறட்சிக்குச் சர்க்கரை, எலுமிச்சை, எண்ணெய் மூன்றையும் குழைத்துத் தேய்ப்பது அத்தையின் வைத்தியம். செத்த பிறகும் ஒருத்தி கைக்குப் பக்குவம் பார்ப்பாளா?

சாயங்காலம், கொத்தனாரான புருஷன் வந்ததும் வராததுமாகப் பிடித்துக்கொண்டாள்.

“ஏங்க, இந்த வீட்டுல என்னமோ இருக்குங்க. எனக்குப் பயமா இருக்கு.”

கொத்தனார் கண்டுகொள்ளவில்லை. “கிழவருக்குப் புத்தி கலங்கிடுச்சு. நீயும் சேர்ந்து ஆடாதே.”

“அப்ப முதியோர் இல்லத்துல விட்டுடலாம். திங்கக்கிழமை இடம் இருக்காம்.”

“அதுக்கு வேற தண்டம் அழணுமா? இங்கேயே கிடக்கட்டும்.”

பெற்ற அப்பனைப் பற்றிப் பேசுகிற பேச்சா இது! அம்மா சாவுக்கு இவன் நேரத்துக்கு வந்து சேரவில்லை என்று, ‘இனி என் முகத்துல முழிக்காதே’ என்று அப்பா கத்தினார். அன்றோடு இருவருக்கும் பேச்சு நின்றது. கண் போன பிறகு பெரியவரை இங்கே அழைத்து வந்தவளே இவள்தான். அவன் அந்த அறை வாசலைக்கூட மிதிப்பதில்லை. கல்நெஞ்சக்காரன்.

எது வந்தாலும் சரி, கண்ணால் பார்த்துவிடுவது, பிறகு பெரியவரைக் கொண்டுபோய் இல்லத்தில் விட்டுவிடுவது என்று முடிவு செய்தாள்.

மறுநாள் வேலைக்குப் போகிறவள் போல முன்வாசலைப் பூட்டிவிட்டு, பின்வாசல் வழியாக உள்ளே வந்து, மாமனார் அறையில் பீரோவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

மணி ஒன்று. பூட்டு திறக்கிற சத்தம். காலடிச் சத்தமே இல்லை. எலுமிச்சை வாசனைதான் முதலில் வந்தது. அறைக்கதவு மெல்லத் திறந்தது.

வந்தது கொத்தனார்.

கையில் ஒரு கிண்ணம். கட்டிலோரம் தரையில் உட்கார்ந்து, சிமெண்ட் அரித்து வெடித்த கைகளில் அதை அள்ளித் தேய்தேயென்று தேய்த்தான். வெடிப்பில் எலுமிச்சை பட்டதும் பல்லைக் கடித்துக்கொண்டான். துடைத்துவிட்டு, அப்பாவின் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டான்.

“வந்துட்டியா?” என்றார் பெரியவர். “நம்ம பையன்கிட்ட அன்னிக்கு அப்படிக் கத்தியிருக்கக் கூடாது. அவன் மேல ஒரு தப்பும் இல்லை.”

கொத்தனாரின் தோள்கள் குலுங்கின. கொஞ்ச நேரம் கழித்துச் சத்தமில்லாமல் எழுந்து போனான். வாசலில் பூட்டு விழுந்தது.

மருமகள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். இந்த மனுஷனை என்னவெல்லாம் நினைத்துவிட்டாள்! மாமனாரிடம் மட்டும் இதைச் சொல்லவே கூடாது. வருவது மனைவி என்றே அவர் நம்பிக்கொண்டிருக்கட்டும், பாவம்.

“அவன் போயிட்டான். இன்னும் எவ்வளவு நேரம்மா பீரோ பின்னாடியே நிப்பே?”

அவள் தட்டுத்தடுமாறி வெளியே வந்தாள். “மாமா... உங்களுக்குத் தெரியுமா?”

“உங்க அத்தைக்குத் துணி துவைச்சுத் துவைச்சு வத்திப்போன கை. நான் பிடிச்ச கை சுருங்கி, சொரசொரன்னு இருக்கும். மகனைத் தொடறப்ப மட்டும்தான் இதையெல்லாம் தேய்ச்சு மெத்துன்னு ஆக்கிக்குவா. அவனுக்கு அந்தக் கைதானே ஞாபகம் இருக்கும்?”

பெரியவர் குரலைத் தாழ்த்தினார்.

“சொல்லிடாதேம்மா. எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா, அவன் வர மாட்டான்.”