வாசலில் ஒரு மூச்சு

மகளைப் பெண் பார்க்க வந்தவர்களிடம், மூத்தவன் துபாயிலிருந்து விடுமுறைக்கு வந்திருக்கிறான் என்று சொல்லிவைத்திருந்தார் ஆவுடையப்பன். குடிபோதையில் ஒருவனை வெட்டிச் சிறைக்குப் போன செந்தூரன், விடுதலையானபின் குடியை விட்டவர்கள் சேர்ந்து வாழும் ஒரு வீட்டில் தங்கியிருந்துவிட்டு முந்தின நாள்தான் ஊர் வந்திருந்தான். அந்த வீட்டில், வெளியே போய்த் திரும்புகிறவன் வாசலில் நிற்பவர் முகத்தில் ஊதிக் காட்டிவிட்டுத்தான் உள்ளே நுழைய வேண்டும். இப்போது பால் வாங்கி வந்த செந்தூரன், வாசலில் அப்பாவைக் கண்டதும் பழக்கதோஷத்தில் அவர் முகத்துக்கு நேரே ஊதிவிட்டான். கூடத்தில் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளை வீட்டார் திரும்பிப் பார்த்தார்கள்.

"என்ன மாமா, துபாய்ல இப்படித்தான் வணக்கம் சொல்லுவாங்களோ?" என்று மாப்பிள்ளையின் அண்ணன் சிரித்தான்.

ஆமாம் என்று சொல்லியிருந்தால் போதும். செந்தூரன் தலையைக் குனிந்துகொண்டு ஒதுங்கப் பார்த்தான். ஆவுடையப்பன் அவன் தோளைப் பிடித்து நிறுத்தினார்.

"எங்கலே போற? இன்னொரு தடவை ஊது."

அவன் ஊதினான். எல்லோரும் பார்க்க, அவர் கண்ணை மூடி நிதானமாக முகர்ந்தார். காபி வாசனை மட்டும் வந்தது.

"சரி, உள்ள போய் அம்மைகிட்ட பாலைக் குடு."

பிறகு சிரித்தவனுக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். "இப்ப கேளுங்க மருமகனே" என்றார்.