வதனியின் வெட்டு மெஷின்

"வதனியிட்ட மெஷின் இருக்கு. மனம்தான் இல்லை" என்றார் புஸ்பராணி அன்ரி.

சிட்னியில் 2011 பொங்கல் விழா. மேய்ஸ் ஹில் பக்கத்து மண்டபத்தில் மின்விசிறி எல்லாம் சுற்றியும் வெக்கை குறையவில்லை. பொங்கல் சாப்பிட்ட கையோடு சனம் கைவினைப் போட்டி முடிவுக்காகக் காத்திருந்தது.

அன்ரி சொன்னதிலும் நியாயம் இருந்தது. போன வருசம்தான் வதனி அந்த மெஷினை வாங்கினாள். சாப்பாட்டு மேசையில் வைக்கிற அளவுதான் இருக்கும். கம்ப்யூட்டரில் படம் கீறிக் கொடுத்தால் போதும், கடதாசியோ ஃபெல்ட் துணியோ, அச்சுப் பிசகாமல் வெட்டித் தள்ளும். ஆரம்பத்தில் கேட்டவர்களுக்கெல்லாம் வெட்டிக் கொடுத்தாள். கடைசி மூன்று மாதமாக யார் கேட்டாலும் ஒரே பதில், "மெஷின் பிஸி."

"என்ர மகளின்ர பிறந்தநாளுக்குப் பத்துப் பட்டாம்பூச்சி கேட்டனான். ஏலாது எண்டிட்டா" என்றாள் பக்கத்துக் கதிரையில் இருந்த நிவேதிகா. "வீட்டுக்குப் போய்ப் பார்த்தா மேசை முழுக்க வெள்ளைத் துண்டு. ஆருக்கு எண்டு கேட்டா சிரிக்கிறா."

"பெரிய இடத்து ஓர்டராயிருக்கும். நாங்களெல்லாம் அவவுக்கு என்னத்துக்கு?" என்றார் அன்ரி.

மேடையில் நடுவர் ஞானசேகரம் மைக்கைத் தட்டினார். போட்டிக்கு வந்த பொருட்களின் பின்பக்கத்தில்தான் பெயர் எழுத வேண்டும், முடிவு சொல்லும்வரை ஒருவரும் திருப்பக் கூடாது என்பது அவர் போட்ட கட்டளை. அந்த விசயத்தில் அவர் மகா கண்டிப்பு.

இரண்டாம் பரிசு புஸ்பராணி அன்ரியின் துணித் தாமரைக்கு என்றார். அன்ரியின் முகம் சுருங்கியது.

"முதல் பரிசு இந்தக் கிளிக்கு. ஒரு வருசத்துக்கு இது மண்டப வாசலில தொங்கும்."

தூக்கிக் காட்டினார். வேலிக் கம்பியில் குந்தியிருக்கும் வெள்ளைக் கொக்கட்டூக் கிளி. தலையில் மஞ்சள் கொண்டை. கடதாசிக்கு மேல் ஃபெல்ட், அதற்கு மேல் மறுபடி கடதாசி என்று முந்நூறு இறகு அடுக்கியிருந்தது. கிட்டப் போனால் பறந்துவிடும் போலிருந்தது. மண்டபம் கைதட்டியது.

அன்ரி மட்டும் தட்டவில்லை. நேரே மேடைக்குப் போய், கண்ணாடியை மாட்டிக்கொண்டு இறகுகளைப் பார்த்தார்.

"இது மெஷினில வெட்டினது. ஒவ்வொரு இறகிலயும் ஒரே இடத்தில சின்னதா ஒரு பல்லு நிக்குது, பாருங்கோ. வதனியின்ர பிளேட் நுனி உடைஞ்சது. என்ர மகளின்ர சடங்குக் கார்ட் இருநூறிலயும் இதே பல்லு இருந்தது."

அந்த இருநூறு கார்டையும் தானே இருந்து கையால் வெட்டியதாக அன்ரி ஊரெல்லாம் சொல்லியிருந்தார். அவசரத்தில் அது மறந்துபோயிற்று. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

"போட்டி கைவேலைக்குத்தானே?" அன்ரி விடவில்லை.

ஞானசேகரம் கடைசி வரிசையைப் பார்த்தார். "வதனி, மெஷினில வெட்டினதோ?"

"ஓம் அங்கிள்."

"பார்த்தியளே, பரிசுக்காகத்தான் மூண்டு மாசமா எங்களுக்கு இல்லை எண்டவ" என்றாள் நிவேதிகா. அது மண்டபம் முழுக்கக் கேட்டது.

ஞானசேகரம் கிளியை மேசையில் வைத்தார். "அப்ப பரிசு தர ஏலாது பிள்ளை. விதி எல்லாருக்கும் ஒண்டுதான்."

வதனி எழுந்து வந்தாள். அழுதுவிடுவாள் போலிருந்தது, ஆனால் அழவில்லை.

"பரிசு எனக்கு வேண்டாம் அங்கிள். வெட்டினது மட்டும்தான் நான். பின்னால திருப்பி வாசியுங்கோ. போட்டியில வெண்டா வாசலில தொங்கும், வாற போற சனம் எல்லாம் பார்க்கும் எண்டு செய்தவைக்குச் சொல்லிப் போட்டன்."

ஞானசேகரம் திருப்பினார். "சதீசன். விஜிதரன். யோகேஸ்வரன்..." பதினொரு பெயர். ஒருவரையும் அங்கே யாருக்கும் தெரியாது.

"இவை ஆர்? ஏன் ஒருத்தரும் வரேல்லை?"

"வர விடமாட்டினம் அங்கிள். படகில வந்து தடுப்பு முகாமில இருக்கினம். ஞாயிற்றுக்கிழமையில நான் பார்க்கப் போறனான். கீறினது, அடுக்கினது, ஒட்டினது எல்லாம் அவைதான். இந்தக் கிளி பின்னேரத்தில வந்து அவையின்ர வேலியில இருக்கிறதாம்."



ஞானசேகரம் விதிக் கடதாசியை எடுத்தார். ஆற அமர வாசித்தார். பிறகு மைக்கைக் கிட்ட இழுத்தார்.

"கையால செய்திருக்க வேணும் எண்டுதான் நான் எழுதியிருக்கிறன். பதினொரு பேர், இருபத்திரண்டு கை செய்திருக்கு. இதைவிடக் கைவேலை எனக்குத் தெரியாது. முதல் பரிசு இதுக்குத்தான்."

மண்டபம் எழுந்து நின்றது. அப்படி ஒரு கைதட்டலை அந்தக் கூரை அதுவரை கேட்டதில்லை. நிவேதிகா கதிரையில் ஏறி நின்று தட்டினாள். கேடயத்தை வாங்கி வதனி தலைக்கு மேல் தூக்கினாள். நாலு இளைஞர்கள் அப்போதே ஏணி வைத்துக் கிளியை வாசலில் மாட்டினார்கள். பதினொரு பெயரையும் பெரிதாக எழுதிக் கீழே ஒட்டினார்கள்.

புஸ்பராணி அன்ரியும் தட்டினார். ஆனால் மனம் ஆறவில்லை. வதனியை வாசலில் மறித்தார்.

"வடிவாத்தான் செய்திருக்கினம், நான் இல்லை எண்டேல்லை. எண்டாலும் பிள்ளை, மெஷினைத் தொடாமல் அவையிட்டயே ஒரு கத்தரிக்கோலைக் குடுத்திருந்தா இவ்வளவு பிரச்சினை வந்திராதே?"

வதனி கேடயத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"முகாமுக்குள்ள கத்தரிக்கோல் கொண்டுபோக விடமாட்டினம் அன்ரி. அதுக்காகத்தான் இந்த மெஷினையே வாங்கினனான்."