பாசி வாத்தியாரின் பரிந்துரை

ஆசிரியர் அறையில் சாக்லேட் டப்பா மேசை மேசையாக நகர்ந்து வருகிறது. பாசி ஆராய்ச்சி செய்தே பாசி வாத்தியார் என்று பெயர் வாங்கிவிட்ட பேராசிரியர், தன் முறை வரும்வரை நுண்ணோக்கியின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். அது ஏற்கெனவே பளிச்சென்றுதான் இருக்கிறது. ஜன்னல் வெயில் டப்பாவின் ஜிகினாத்தாளில் பட்டு, இத்தனை பேர் இருக்க, அவர் கண்ணையே தேடி வந்து குத்துகிறது. ஒரு வருட வெளிநாட்டு ஆய்வு வாய்ப்பு பக்கத்து மேசைக்காரிக்குக் கிடைத்திருக்கிறது; அவரைவிடப் பன்னிரண்டு வயது இளையவள். "ரொம்ப சந்தோஷம்மா," என்கிறார். பளிச்சென்றிருக்கும் கண்ணாடியை இன்னும் அழுத்தித் தேய்க்கிறார். "உங்க பரிந்துரைக் கடிதத்தாலதான் சார் கிடைச்சுது. தேர்வுக் குழுவே உங்க வரிகளை எடுத்துப் போட்டு எழுதியிருக்காங்க, கேளுங்க," என்று அவள் செல்பேசியைப் பார்த்துப் படிக்கிறாள்: "சேற்றிலும் உயிரைத் தேடும் பொறுமை. தோற்றாலும் மறுநாள் காலையில் ஆய்வகத்தை முதலில் திறக்கும் கைகள்." துடைக்கிற துணி அப்படியே நிற்கிறது. அத்தனையும் அவர் தன்னைப் பற்றி எழுதியது. போன வருடம் இதே குழு தள்ளுபடி செய்த தன் விண்ணப்பத்திலிருந்து, இவளுக்கு எங்கே கிடைக்கப்போகிறது என்ற அலட்சியத்தில், வரிகளை அப்படியே எடுத்து இவள் பெயரைப் போட்டு அனுப்பியிருந்தார். அவள் கண் கலங்கி டப்பாவை நீட்டுகிறாள். "நான் இப்படியெல்லாம் இல்லையே சார். எப்படி இவ்வளவு மனசார எழுதினீங்க?" "மனசாரத்தான்மா எழுதினேன்," என்றபடி பாசி வாத்தியார் ஒன்றுக்கு நாலாகச் சாக்லேட்டை அள்ளிக்கொள்கிறார்.