மாமியார் கொடுத்த மன்னிப்பு

"யார் மேலயாவது மனக்கசப்பு இருக்காம்மா?" என்று போதகர் கேட்டார்.

கட்டிலில் கிடந்த அம்மா கண்ணைத் திறக்காமலே, "ஒருத்தி மேல இருக்கு" என்றாள்.

பக்கத்தில் நின்ற மகள், சரியாக இருந்த போர்வையை மறுபடி இழுத்துவிட்டாள்.

டாக்டர் இரண்டு நாள் கெடு சொல்லிவிட்டுப் போயிருந்தார். திருவிருந்துக்கான அப்பமும் திராட்சரசமும் அடங்கிய சின்னப் பெட்டி மேசைமேல் மூடியபடி இருந்தது. மனக்கசப்பு தீராதவர்களுக்குப் போதகர் திருவிருந்து கொடுப்பதில்லை.

"என் மருமகளைக் கூப்பிடுங்க" என்றாள் அம்மா. "ஆண்டவர் முன்னால போய் நிக்கும்போது அவளையும் சுமந்துக்கிட்டு நிக்க என்னால முடியாது."

"எதுக்கும்மா இப்பப் போய் பழசையெல்லாம் கிளறிக்கிட்டு?" என்றாள் மகள். "மனசுக்குள்ளயே ஒரு ஜெபம் பண்ணிக்கோ, போதும். கூப்பிட்டாலும் அண்ணி வரமாட்டாங்க. அழுத்தக்காரி."

"ஒரு போன் போட்டுப் பாருங்க சிஸ்டர்" என்றார் போதகர். "நீங்க ஞாயிறு பள்ளி டீச்சர். உங்களுக்கு நான் சொல்லணுமா?"

போட்டாள். அண்ணி ஒரு தையல் கம்பெனியில் சூப்பர்வைசர். அவள் குரலுக்குப் பின்னால் நூறு மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

"அம்மா உங்களைப் பார்க்கணுமாம் அண்ணி."

"எதுக்கு?"

"போகப்போற உசுரு. எதுக்குன்னா கேப்பாங்க?"

அண்ணி பக்கத்தில் யாரையோ துணிக்கட்டை எண்ணச் சொன்னாள். பிறகு, "ஷிப்ட் மூணு மணிக்குத்தான் முடியும். வரேன்."

போனை வைத்த மகள், "இந்த நேரத்துலயும் ஷிப்ட் முடியணுமாம்" என்றாள்.

போதகர் இந்தச் சபைக்குப் புதிது. "அப்படி என்னதான் நடந்தது?" என்றார்.

"பதினொரு வருஷம் ஆச்சு பாஸ்டர். அப்பாவுக்கு சுகர் மாத்திரை குடுக்கறது அண்ணி வேலை. ஒரு நாள் காலையில மாத்திரை ரெண்டு தடவை உள்ள போயிடுச்சு. அன்னைக்குப் பார்த்து அவர் சரியாச் சாப்பிடவும் இல்ல. மத்தியானம் மயங்கினவர் எழுந்திருக்கவே இல்ல. டாக்டர் கேட்டப்போ அண்ணியே ஒத்துக்கிட்டாங்க, மறந்துபோய் ரெண்டு தடவை குடுத்துட்டேன்னு."

"ஐயோ பாவம்."

"அதுக்கப்புறம் அம்மா அவங்களை வீட்டுப்படி ஏறவிடல. அண்ணனுக்குக் கப்பல்ல வேலை. வேற வீடு பார்த்துக் குடிவெச்சுட்டுப் போயிட்டான். சர்ச்சுலயும், அவ முழங்கால் போடற இடத்துல நான் போடமாட்டேன்னு அம்மா சொல்லிட்டாங்க. அதனால திருவிருந்து ஆரம்பிச்சதும் அண்ணி கடைசி பெஞ்சுலேர்ந்து எழுந்து போயிடுவாங்க."

"அந்தச் சகோதரியா?" என்றார் போதகர். "பஸ்ஸைப் பிடிக்கத்தான் ஓடறாங்கன்னு இத்தனை நாள் நினைச்சேன்."

மூன்றரை மணிக்கு அண்ணி வந்தாள். தலைமுடியில் அங்கங்கே நூல் பிசிறு ஒட்டியிருந்தது.

"கிட்ட வா" என்றாள் அம்மா.

போனாள்.

"என் புருஷனை அநியாயமா சாகடிச்சே. இருந்தாலும் என் ஆண்டவருக்காக உன்னை மன்னிச்சிட்டேன்."

மகள் தண்ணீர் ஜாடியை எடுத்தாள், வைத்தாள், மறுபடி எடுத்தாள்.

"ஒரு வார்த்தை சொல்லேன்" என்றாள் அம்மா. "உன் வாயால கேட்டாத்தான் எனக்கு நிம்மதி."

அண்ணி ஒருமுறை நாத்தனாரை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு குனிந்து, "தப்பு என்னுதுதான் அத்தை. மன்னிச்சிடுங்க" என்றாள்.

அம்மாவின் கண்ணோரம் நீர் வழிந்தது. போதகரும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு பெட்டியைத் திறந்தார். அம்மாவுக்குக் கொடுத்துவிட்டு, "நீங்க ரெண்டு பேரும் வாங்க" என்றார்.

மகள் முழங்கால் போட்டு, மாதாமாதம் வாங்குவதுபோலக் கையேந்தி வாங்கிக்கொண்டாள்.

"எனக்கு இன்னைக்கு வேண்டாம் பாஸ்டர்" என்றாள் அண்ணி.

மன்னிப்புக் கிடைத்தும் வீம்பு போகவில்லையே என்பதுபோல அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வாசலில் அண்ணி செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள். வழியனுப்ப வந்த மகள், ஏதாவது சொல்லவேண்டுமே என்று, "பாரம் இறங்கிடுச்சு இல்ல அண்ணி? இனிமே நீங்க சர்ச்சுல முன்னாடியே உக்காரலாம்" என்றாள்.

அண்ணி நிமிர்ந்தாள். குரலில் கோபம் இல்லை.

"அன்னைக்கு நான் மாத்திரையை நீட்டினப்போ மாமா சொன்னார், 'இப்பத்தானேம்மா சின்னவ குடுத்துட்டுக் காலேஜுக்கு ஓடினா'ன்னு. மறதியில பேசறார்னு நினைச்சு, நான்தான் கட்டாயப்படுத்தி முழுங்கவெச்சேன். எங்கிட்ட சொல்லாம நீ ஒண்ணு, அவர் சொன்னதைக் கேக்காம நான் ஒண்ணு."

மகள் உள்ளே கேட்காதபடி கதவைச் சாத்தினாள்.

"டாக்டர் கேட்டப்போ நீ வாயைத் திறப்பேன்னு பார்த்தேன். அடுத்த மாசம் உனக்குக் கல்யாணம். சரி, போகட்டும்னு ரெண்டு தப்பையும் நானே ஏத்துக்கிட்டேன்."

"அண்ணி, அம்மாகிட்ட..."

"சொல்லமாட்டேன், பயப்படாதே. மேல போய் நின்னாலும் நான்தான்னே சொல்றேன்" என்றபடி படியிறங்கினாள் அண்ணி. "ஆனா அங்க என் சாட்சி செல்லாது. உன்னையேதான் கேப்பார்."