ஒன்பதாவது வளைவு

விவாகரத்தில் சைக்கிள் தில்லைக்கரசிக்கும், தொலைவிலிருந்தே அதன் கியரை மாற்றும் தொடுதிரை இளவழுதிக்கும் போனது. வீம்புக்குத்தான் அவன் கேட்டு வாங்கினான். அந்த கியரோ வேறு எந்தத் திரைக்கும் கட்டுப்படாது. ஆகவே, வேலை நேரத்தில் மாஜி கணவரே கியர் மாற்றித் தரவேண்டும் என்று நீதிபதி தீர்ப்பில் ஒரு வரி சேர்த்துவிட்டார். அவள் மருந்துப் பொட்டலங்களோடு ஏற்காட்டுக்கு மிதிப்பாள். அவன் சேலத்துத் தையல் கடையில் உட்கார்ந்தபடி, அவள் எந்த வளைவில் என்று திரையில் பார்த்து மாற்றுவான். எட்டு மாதமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. கியர் மட்டும் நேரத்துக்கு விழுந்தது.

நேற்று, எல்லா கியருக்கும் ஒத்துப்போகும் திரை ஒன்று கடைக்கு வந்தது. முதல் ஆளாய் வாங்கி மாட்டினாள். இன்று ஐந்தாவது கொண்டை ஊசி வளைவில் போன் அடித்தது.

"ஸ்கிரீன் இருட்டா கெடக்குது. விழுந்து கிழுந்து வெச்சிட்டியா? அடிவாரத்துக்கே வந்துட்டேன்." இளவழுதிக்கு மூச்சிரைத்தது.

"விழல. புதுசு வாங்கிட்டேன். இனி நானே போட்டுக்குவேன்."

அவன் இருண்ட திரையைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டான்.

"சரி. ஒம்பதாவது வளைவுக்கு முன்னாடியே ரெண்டுக்கு வந்துரு. அங்க உனக்கு மூச்சு வாங்கும்."

"எல்லாம் தெரியும்" என்று வைத்துவிட்டாள்.

ஒன்பதாவது வளைவில் வீம்புக்கு நான்கிலேயே மிதித்தாள். பாதியில் காலை ஊன்றி நின்றாள். முன்னும் பின்னும் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, இரண்டுக்கு மாற்றினாள்.